தள்ளாடும் வீடுகளும் தடம் மாறும் பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்துறையில் இருக்கும் பழைய மாணவிகள் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று செயற்குழு கேட்டபோது, நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவோம் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவையும் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் நாங்கள் கூடிப் பேசியபோது எல்லோருடைய வாயிலும் வந்தது வேறொரு விடயம். எங்களில் ஒருவர் மகப்பேற்று விடுதியில் பணியாற்றுகிறார். ஒருவர் குழந்தை வைத்தியத்தில் இருக்கிறார். ஒருவர் உளநலப் பிரிவில், ஒருவர் சத்திரசிகிச்சை விடுதியில், இன்னொருவர் சட்ட வைத்தியப் பிரிவில். ஒரே மாதிரியான பிள்ளையைத்தான் வெவ்வேறு வயதில் வெவ்வேறு கதவுகளின் ஊடாக நாங்கள் சந்திக்கிறோம் என்பது அன்றுதான் தெளிவாகியது. நிறைகுறைந்து பிறந்தவனாக, கிளினிக்குக்கு வராமல் விட்டவனாக, இரவில் படுக்கையை நனைப்பவனாக, வாள்வெட்டுக் காயத்தோடு வருபவனாக, கடைசியில் பொலிசாரோடு வருபவனாக. ஆகவே இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது இதுதான்: நிலையற்ற பிள்ளைப்பருவம் எப்படிச் சிறுவர் நெறிபிறழ்வுக்கு வழிவிடுகிறது?

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறோம். இது ஒரு பிள்ளையின் கதையல்ல. பலருடைய கதைகளை ஒன்றாகச் சேர்த்தது. அடையாளம் காண முயல வேண்டாம்.

அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கடனை அடைப்பதற்காகத் தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார். தகப்பன் கூலிவேலை, பின்னேரமானால் கசிப்பு. பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறார். அவனுக்கு ஆறு வயதில் அம்மம்மா படுக்கையில் விழ, சித்தி வீட்டுக்குப் போகிறான். அங்கே ஏற்கெனவே நான்கு பிள்ளைகள். தாய் திரும்பி வருகிறார். ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் ஓர் அந்நியப் பெண். தாய் தகப்பனுக்கிடையே சண்டை, பிரிவு, மீண்டும் சேர்வு, மீண்டும் பிரிவு. ஆறாம் ஆண்டுக்கு வருவதற்குள் மூன்று பாடசாலைகள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுகிறான். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் சிரிப்பு எழும். சிரிப்பைத் தாங்குவதைவிடக் குழப்படிகாரன் என்று பெயர் வாங்குவது அவனுக்கு இலகு. எட்டாம் ஆண்டில் வாரத்துக்கு இரண்டு நாள் வரவில்லை, பிறகு மூன்று நாள். ஒருநாள் இடாப்பில் பெயர் வெட்டப்படுகிறது. மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் வேலை. அங்கே வரும் அண்ணாமார் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், 'நீ எங்கட ஆள்' என்கிறார்கள். அந்தச் சொல்லை அவனுக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை. ஒரு பொதியை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பதினைந்து வயதில் கையில் வெட்டுக் காயத்தோடு எங்களிடம் வருகிறான்.

இந்தக் கதையில் குற்றம் எங்கே தொடங்குகிறது? பொலிஸ் அறிக்கை கடைசிப் பந்தியிலிருந்து தொடங்குகிறது. பத்திரிகையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மருத்துவம் படித்தவர்களுக்குப் பின்னோக்கிப் போய் நோயின் வரலாறு கேட்பது பழக்கம். அப்படிக் கேட்டால், கத்தியை எடுத்த நாளுக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருப்பது தெரியும்.

நிலையற்ற பிள்ளைப்பருவம் என்று நாங்கள் சொல்வது வறுமையை அல்ல. வறுமையிலும் உறுதியான வீடுகள் உண்டு. மாடி வீட்டிலும் தள்ளாடும் குடும்பங்கள் உண்டு. நாளைக்கு என்ன நடக்கும் என்று பிள்ளையால் ஊகிக்க முடியாமல் இருப்பதே நிலையற்ற தன்மை. யார் சோறு தருவார், யார் கூட்டிப்போக வருவார், தகப்பன் இன்றிரவு சிரித்துக்கொண்டு வருவாரா அடிக்க வருவாரா, அடுத்த தவணையும் இதே பாடசாலையா என்பது எதுவும் தெரியாமல் வளர்வது. நேற்றுச் செய்தபோது முத்தம் கிடைத்த அதே செயலுக்கு இன்று பிரம்படி கிடைப்பது. இப்படி வளரும் பிள்ளையின் உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் போன்ற ஓமோன்கள் அடிக்கடி உயர்கின்றன. நித்திரை குலைகிறது, கவனம் சிதறுகிறது. மற்றவர் சாதாரணமாகப் பார்த்தாலும் 'முறைக்கிறான்' என்று தோன்றுகிறது. யோசித்துச் செய்வதற்கும் ஆத்திரத்தை அடக்குவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி எல்லா மனிதருக்குமே இருபது வயது கடந்துதான் முழுமையாக முதிர்கிறது. பயத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கடிவாளம் இன்னும் பலவீனம். வகுப்பில் அவன் திடீரென்று பாய்வதை நாம் திமிர் என்கிறோம். வீட்டில் உயிர் தப்புவதற்காகக் கற்ற பழக்கத்தைத்தான் அவன் வகுப்பறையில் காட்டுகிறான்.

இதை உலகில் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1944இல் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய உளமருத்துவர், இலண்டனில் தம்மிடம் கொண்டுவரப்பட்ட களவெடுத்த 44 சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 14 பேர் எவரிடமும் பாசம் காட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நீண்டகாலம் பிரிந்திருந்தவர்கள். 1998இல் அமெரிக்காவில் வின்சன்ட் ஃபெலிட்டியும் ரொபேர்ட் அன்டாவும் அவர்களது குழுவினரும் 9,500க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் பிள்ளைப்பருவத்தில் பட்ட துன்பங்களைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் வன்முறை, துஷ்பிரயோகம், குடிப்பழக்கம், சிறைக்குப் போன உறவினர் போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம், ஒன்றுமே அனுபவிக்காதவர்களோடு ஒப்பிடும்போது, மதுவுக்கும் போதைக்கும் அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஒரு துன்பம் தனியாக வந்தால் பல பிள்ளைகள் தாங்கிவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் முறிகிறார்கள்.

இந்த இடத்தில் சபையில் சிலர் மனதுக்குள் ஒன்று கேட்பீர்கள். எங்கள் கிளினிக்குக்கு வரும் பெரியவர்களும் கேட்பதுதான் அது: 'நாங்களும் கஷ்டப்பட்டுத்தானே வளர்ந்தோம்? நாங்கள் களவெடுத்தோமா, வாள் தூக்கினோமா?'

நியாயமான கேள்வி. எங்கள் வகுப்பை எடுத்துக்கொள்வோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தபோது எங்களில் பலருக்குப் பதினான்கு, பதினைந்து வயது. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றோம். தென்மராட்சியில் அறிமுகமில்லாதவர்களின் விறாந்தைகளில் படுத்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சிலருக்கு வீடு இல்லை, சிலருக்குத் தகப்பன் இல்லை, சிலர் வன்னிக்குப் போனவர்கள் போனவர்களாகவே ஆனார்கள். இதைவிட நிலையற்ற பிள்ளைப்பருவம் வேறென்ன? ஆனால் எங்களில் பெரும்பாலானோர் தடம் மாறவில்லை. ஏன்?

எங்களிடம் விசேடமான குணம் எதுவும் இருந்ததால் அல்ல. எல்லாம் ஆடியபோதும் ஆடாமல் நின்ற சில இருந்தன. மரத்தின் கீழே தொங்கவிட்ட கரும்பலகையிலும் பாடம் நடந்தது. ஆசிரியைகள் கொட்டிலில் இடாப்பு எடுத்தார்கள்; வராத பிள்ளை எந்த முகாமில் இருக்கிறாள் என்று விசாரித்தார்கள். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில் ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி அயலட்டைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக இருந்து படித்தோம். அம்மாவுக்கு முடியாவிட்டால் அம்மம்மா, அவரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி. ஊரே இடம்பெயர்ந்தது, ஆனால் ஊராகவே இடம்பெயர்ந்தது. துன்பம் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் அதில் வெட்கம் இருக்கவில்லை.

இன்று தள்ளாடும் வீட்டுப் பிள்ளையின் நிலை அப்படியல்ல. அவனுடைய துன்பம் அவனுக்கு மட்டும் உரியது. பக்கத்து வீட்டில் உயர்ந்த மதில். வகுப்பில் மற்றவர்கள் ரியூசனுக்குப் போகிறார்கள், அவன் போவதில்லை. அவனுக்கு நேரும் எதுவும் அவனுக்கு வெட்கமாகவே இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பம், அயல், ஊர் என்ற கட்டமைப்பையே காயப்படுத்தியது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2009 மே மாதத்தோடு துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதின் மேற்படியில் நிற்கிறார்கள். அவர்கள் போரைக் காணவில்லை. ஆனால் போரைக் கண்ட பெற்றோரின் நித்திரையின்மையோடும் மௌனத்தோடும் குடியோடும் வளர்ந்தார்கள். பிறகு நுண்கடன் வந்தது, 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது, 'ஐஸ்' என்ற போதைப்பொருள் வந்தது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, உளநோய் என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் முக்கியமானது, பெற்றோரில் ஒருவரோ, பாட்டியோ, ஆசிரியையோ, அயலவரோ, கைவிடாத ஒரு வளர்ந்தவர் இருந்தது. எங்களுக்கு அன்று அப்படிப் பத்துப் பேர் இருந்தார்கள். எங்கள் சிகிச்சை அறைக்கு வரும் பையனிடம், 'உனக்குப் பிரச்சினை என்றால் யாரிடம் போவாய்?' என்று கேட்டால் அவன் கூரையைப் பார்க்கிறான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'தகப்பனில்லாத பிள்ளை, அப்படித்தான் வரும்' என்று நம் ஊரில் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். போரில் கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் நிறைந்த மாகாணம் இது. அந்தத் தாய்மாரின் நெஞ்சில் இந்தச் சொல் எப்படி விழும்? அது அநியாயம் மட்டுமல்ல, தவறும்கூட. போல்பிக்குப் பின்வந்த மைக்கல் ரட்டர் 1972இல் வெளியிட்ட நூலில் தாய்ப்பிரிவு பற்றிய கருத்தை மீளாய்வு செய்தார். பிரிவோ இறப்போ தன்னளவில் பிள்ளையைக் குற்றத்துக்குத் தள்ளுவதில்லை. வீட்டுக்குள் ஓயாத பகையும் சண்டையும்தான் கூடுதலான பாதிப்பைத் தருகின்றன என்று காட்டினார். எங்கள் அனுபவமும் அதுதான். தகப்பனை இழந்து, தாயும் அம்மம்மாவும் சேர்ந்து ஒழுங்காக வளர்த்த பிள்ளைகள் மருத்துவபீடத்தில் படிக்கிறார்கள். தாய் தகப்பன் இருவரும் இருந்தும் ஒவ்வோர் இரவும் சட்டி பானை உடையும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. வெளிநாடு போகும் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதிலும் இதே பிழை இருக்கிறது. அவர் போனது பிள்ளைக்குச் சோறு போட. அவர் போன பின் பிள்ளையை யார், எப்படி, எத்தனை பேர் மாறி மாறிப் பார்த்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பதின்ம வயதில் ஒரு பிழை செய்த பிள்ளைகள் எல்லோரும் குற்றவாளியாக வளர்வதும் இல்லை. டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். பதின்ம வயதில் தொடங்கி அந்த வயதோடு ஓய்ந்துவிடுவோர் பெரும்பான்மை. மிகச் சிறுவயதிலேயே தொடங்கி வளர்ந்த பின்னும் தொடர்வோர் சிறு தொகை. முதல் வகைப் பிள்ளையைப் பாடசாலையை விட்டுத் துரத்தி, முகப்புத்தகத்தில் படம் போட்டு, 'காவாலி' என்று முத்திரை குத்தினால், திரும்பி வரவிருந்தவனின் பாதையை நாமே அடைத்துவிடுகிறோம். சிறுவருடைய அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது சட்டம். கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும்.

இது பெண்கள் கல்லூரி. ஆகவே பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையனின் நெறிபிறழ்வு வாளாகவும் களவாகவும் வெளியே தெரிகிறது. பெண்பிள்ளை உள்ளுக்குள் முறிகிறாள். கையைக் கீறிக்கொள்கிறாள், மாத்திரை விழுங்குகிறாள், சாப்பிடாமல் விடுகிறாள். அல்லது கைபேசியில் அன்பாகப் பேசிய ஒருவனோடு பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போகிறாள். ஊர் 'ஓடிப்போனவள்' என்கிறது. அவள் எதிலிருந்து ஓடினாள் என்று கேட்பவர் குறைவு. குடித்துவிட்டு வரும் மாற்றாந்தகப்பனிடமிருந்தா, படுக்கைக்கு அருகில் வரும் உறவினரிடமிருந்தா?

பதினாறு வயதுக்குக் குறைந்தவள் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவள். ஆனால் நடைமுறையில் நாங்கள் காண்பது என்ன? சந்தேக நபர் பிணையில் வெளியே வந்துவிடுகிறார். வீட்டார் ஏற்காததால் பிள்ளை வழக்கு முடியும்வரை இல்லமொன்றில் இருக்கிறாள். அவளுடைய படிப்பு நிற்கிறது, சிநேகிதிகள் போகிறார்கள், தண்டனை அவளுக்குத்தான். திரும்பி வரும்போது பழைய பாடசாலை அவளைச் சேர்க்கத் தயங்கும். 'மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போகும்' என்று பெற்றோர் சொல்வார்கள். தொற்றுநோய் பற்றிப் படித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: துன்பம் தொற்றாது.

சட்டத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். எங்கள் நாட்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டினது. குற்றம் புரிந்த பிள்ளையையும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையையும் ஒரே சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும் சட்டம் அது. சிறுவர்க்கென்றே தனி நீதிமன்றக் கட்டடம் உள்ள இடங்கள் மிகக் குறைவு. மற்ற இடங்களில் நீதவானே அந்தப் பணியையும் பார்க்கிறார். முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை எவரும் அழைக்கலாம். 2005இல் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. 2016இல் கட்டாயக் கல்வி வயதெல்லை பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. 2018இல் குற்றப்பொறுப்பின் வயது எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதுவரை எட்டு வயது கடந்த பிள்ளையைச் சட்டப்படி குற்றவாளியாக்க முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நன்னடத்தை உத்தியோகத்தர்களும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் எங்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள். ஆனால் ஒருவரின் மேசையில் குவியும் கோப்புகளைப் பார்த்தால் அவர்மீது கோபம் வராது, இரக்கம்தான் வரும். அச்சுவேலியில் இருப்பது போன்ற சான்றுபெற்ற பாடசாலையோ சிறுவர் இல்லமோ கடைசி வழியாகவே இருக்க வேண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வீட்டைத் தாங்கிப் பிடித்திருந்தால் பிள்ளையை எடுத்து வர வேண்டியிருக்காது.

'அடியாத மாடு படியாது' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். எங்களிடம் வரும் பிள்ளைகள் அடி வாங்காத பிள்ளைகள் அல்ல. வாங்கிக் களைத்த பிள்ளைகள். அடி குறைந்ததால் வந்த நோய் என்றால் அவர்கள் எப்போதோ குணமாகியிருக்க வேண்டும்.

சரி, ஒரு பழைய மாணவிகள் சங்கம் என்ன செய்யலாம்? சங்கத்தின் நூற்றாண்டு நிதியிலிருந்து நுழைவாயில் வளைவு ஒன்று கட்டும் யோசனை இருப்பதை அறிவோம். கல்லூரிக்கு அழகு வேண்டும்தான். ஆயினும் அந்த நிதியில் ஒரு பங்கை அந்த வாசலால் உள்ளே வர முடியாமல் போகும் பிள்ளைக்காக ஒதுக்குமாறு இந்தச் சபையைக் கேட்கவே இன்று வந்தோம். மருத்துவர்களாகிய எங்களின் முன்மொழிவுகள் நான்கு.

முதலாவது, இடாப்பு. எங்களைப் பொறுத்தவரை ஒரு பிள்ளையின் முதலாவது மருத்துவ அறிக்கை வகுப்பாசிரியையின் வரவு இடாப்புத்தான். பொலிஸ் அறிக்கைக்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடும். ஒரு பிள்ளை காரணமின்றித் தொடர்ந்து ஐந்து நாட்கள் வராவிட்டால், வகுப்பாசிரியையும் பழைய மாணவி ஒருவரும் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். விசாரிக்க அல்ல, 'உன்னைக் காணவில்லை, அதுதான் வந்தோம்' என்று சொல்ல. பஸ் காசு இல்லையா, சப்பாத்து இல்லையா, மாதவிடாய் நாட்களுக்கான துவாய் இல்லையா, காலைச் சாப்பாடு இல்லையா, வீட்டில் ஏதும் பயமா என்பது அந்தப் படலையில் நின்றால்தான் தெரியும். முதல் நான்கையும் சங்கத்தின் நிதியால் அன்றே தீர்க்கலாம். ஐந்தாவதற்கு எங்களைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, ஓர் அறை. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஆனால் அவருக்குக் கதவுள்ள ஓர் அறை இல்லை. ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் நின்று எந்தப் பிள்ளையும் தன் வீட்டு இரகசியத்தைச் சொல்லாது. பழைய களஞ்சிய அறையைத் திருத்தி, இரண்டு கதிரையும் ஒரு மேசையும் போட்டால் போதும். மாதம் இரண்டு முறை எங்களில் ஒருவர் முறை வைத்து வருவோம். இதற்கு ஏழு பேர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, திரும்பி வரும் பிள்ளை. இல்லத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ திரும்பும் பிள்ளையைக் கல்லூரி ஏற்க வேண்டும், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதிபர் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்தின் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு வரும். அப்போது அதிபர் தனியே நின்று பதில் சொல்லக்கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் நம் அங்கத்தவர்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் வாசிப்புச் சொல்லிக்கொடுக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

நான்காவது, வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் சகோதரிகளுக்கு. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சிறுவர் இல்லங்களுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுக்கிறீர்கள். உங்கள் மனதை மதிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவருக்காக வரிசையில் நின்று, கேக் வெட்டும்போது கை தட்டி, படத்துக்குச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு வருபவர்கள் குறைவில்லை. திரும்பி வருபவர்கள்தான் குறைவு. நாற்பது சாப்பாட்டைவிட ஒரே ஒரு பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருந்து, மாதந்தோறும் ஒரே நாளில் தொலைபேசியில் பேசி, அவளது தவணைப் பரீட்சைப் புள்ளியைக் கேட்கும் ஓர் அன்ரி பெரிது. இல்ல நிர்வாகத்தினதும் நன்னடத்தைத் திணைக்களத்தினதும் அனுமதியோடு, முறைப்படி, இதைச் செய்யலாம். பத்து வருடங்களுக்குத் தொடர்ந்து செய்ய முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். தொடங்கிவிட்டு விடுவது, ஏற்கெனவே பலரால் விடப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு விடுதலாகும்.

இவற்றால் எல்லாம் குற்றம் ஒழிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. போதைப்பொருளைக் கொண்டுவருபவர்களைப் பிடிப்பது அரசின் வேலை. வேலையும் வீடும் கடன் நிவாரணமும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் எட்டாம் ஆண்டில் இடாப்பிலிருந்து மெல்ல மெல்ல மறையும் ஒரு பிள்ளையை அரசாங்கத்தால் காண முடியாது. இருபது யார் தூரத்தில் இருப்பவரால்தான் காண முடியும். இந்தக் கல்லூரியின் ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நம் பழைய மாணவி ஒருவர் இருக்கிறார்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே சொல்கிறோம். எங்கள் சிகிச்சை அனுபவத்தில், பதினைந்திலும் பதினேழிலும் வளைந்து நிமிர்ந்த பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் விடாமல் நின்ற ஒரு மனிதர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் நாமும் சற்று வளைந்து கொடுத்தால், அந்த ஒரு மனிதராக நம்மால் இருக்க முடியும்.

நான்கு முன்மொழிவுகளும் எழுத்தில் செயலாளரிடம் கையளிக்கப்பட்டுள்ளன. அடுத்த பொதுக்கூட்டத்தில் அவை விவாதத்துக்கு வரும். கேள்வி கேளுங்கள், திருத்தங்கள் சொல்லுங்கள், ஆனால் ஒத்திவைக்க வேண்டாம். இந்தத் தவணையின் இடாப்பில் இப்போதே சில பெயர்களுக்கு நேரே வரவின்றி இடம் வெறுமையாகக் கிடக்கிறது.